பொம்மையைச் சோதித்தேன், ரிமோட்டைக் கையில் கொடுத்தேன்

என் பையனுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இட்லியை இன்னமும் நான் பிசைந்துதான் கொடுக்கிறேன். அவன் நன்றாக மென்று விழுங்குவான், சிக்கல் அவனுக்கு இல்லை, எனக்குத்தான். ஒவ்வொரு வாயும் இறங்குகிற வரைக்கும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள ஒரு பட்டன் பேட்டரி எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலை இது. இதைப் பற்றி எனக்கு முன்கூட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரியில் நினைத்துக்கொண்டே கிடந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் துறையூர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நானும் அத்தையும் பையனும்தான். பதினோராவது மாதம் காதுகுத்து வைத்தோம். என் தம்பி மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டு, காது குத்தி, சீர் வைத்து எல்லாம் சிறப்பாகத்தான் நடந்தது. மறுநாள் பார்த்தால் கூடத்தில் பொம்மை மலை. நான் கொஞ்சம் படித்தவள், கவனமானவள் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தேன். கரடி பொம்மையின் மணிக்கண்ணை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது, ஓரம் கட்டினேன். காந்தம் வைத்த மீன் பிடிக்கிற செட்டைப் பரண் மேல் போட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பீப்பீ சத்தம் போடும் ரப்பர் வாத்தின் அடியில் விசில் துண்டு ஆடிக்கொண்டிருந்தது, அதுவும் குப்பைக்கு.

தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்தது ஒரு நட்சத்திர விளக்கு. கூரையில் நிலாவும் நட்சத்திரமும் சுற்றும், பாட்டு பாடும், 1,499 ரூபாய். அதையும் விடவில்லை, திருப்பிப் பார்த்தேன். அடியில் பேட்டரி போடும் மூடியை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். பரவாயில்லையே, நல்ல சாமான் என்று சந்தோஷப்பட்டேன். அதோடு கூட ஒரு ரிமோட். தீப்பெட்டியில் பாதிதான் கனம், விசிட்டிங் கார்டு நீளம். பையனுக்கு அப்போது மேல்பல் முளைத்துக்கொண்டிருந்தது, எதைக் கண்டாலும் கடிப்பான். விளக்கைப் போட்டுவிட்டு ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிடுவேன். அவன் பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருப்பான், நான் பாத்திரம் தேய்ப்பேன். கொடுத்தது நான்தான். இதை எத்தனை தடவை எழுதினாலும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ரிமோட்டை அழுத்தித்தான் விளக்கைப் போட்டேன், அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. ஆறரைக்கு அவன் இரண்டு தடவை இருமினான். எட்டிப் பார்த்தேன், சிரித்தான், வாயில் எச்சில் வடிந்தது. பல் முளைக்கிற பிள்ளைக்கு எச்சில் வடிவது புதிதா? விட்டுவிட்டேன். ஏழு மணிக்குப் பால் கொடுத்தால் வாயில் வாங்கி அப்படியே வெளியே விட்டான். முதுகை வளைத்துக்கொண்டு அழுதான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது காலில் என்னவோ குத்தியது. குனிந்து எடுத்தால் பாயோரம் ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. நகத்தை வைத்து ஒரு ஓரத்தில் அமுக்கி இழுத்தால் டிராயர் மாதிரி வெளியே வருமே, ரிமோட்டின் அந்தத் தட்டு. நடுவில் வட்டமாக ஒரு குழி. குழி காலி.

பாயை உதறினேன், சோபாவைத் தள்ளினேன், அத்தை விளக்குமாற்றை வைத்து பீரோவுக்கு அடியில் எல்லாம் கூட்டினார்கள். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நாங்கள் செய்தது அத்தனையும் தப்பு. முதலில் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். பிறகு தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். அத்தை, "ஏம்மா, மீன் முள்ளு மாட்டுனா சோத்தை உருட்டி முழுங்குறோமில்ல, அது மாதிரி வாழைப்பழத்தை மசிச்சுக் குடு, எறங்கிரும்" என்றார்கள். அதுவும் கொடுத்தேன். பாதியைத் துப்பினான், பாதி உள்ளே போனது. இப்படி முக்கால் மணி நேரம் போய்விட்டது.

யாருக்கும் இது நடக்கவே வேண்டாம். நடந்துவிட்டால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். பேட்டரியை விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். வாய்க்குள் கையை விடாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பழமோ சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். எடுப்பதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது ஆபத்து. ஒரு வயது தாண்டிய குழந்தையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஆஸ்பத்திரி போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரைக்கும், அது மட்டும் கொடுக்கலாம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தேன் அந்தப் பேட்டரியைச் சுற்றிப் பூச்சு மாதிரி நின்று புண்ணைக் கொஞ்சம் குறைக்குமாம். தேனைத் தேடி நேரத்தைக் கடத்தக்கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. என் பையனுக்குப் பதினோரு மாதம், அதனால் எனக்கு அந்த வழியும் இல்லை. ரிமோட்டையோ, அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அளவு தெரியும்.

எட்டே கால் மணிக்குப் பக்கத்துத் தெரு ஆட்டோ அண்ணன் கொண்டுபோய் விட்ட இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், 450 ரூபாய். கழுத்துக்குக் கீழே, காரை எலும்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். அங்கே இருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "காசு முழுங்கியிருக்கான், நாளைக்கு மோஷன்ல வந்துடும், வரலேன்னா திங்கக்கிழமை பாக்கலாம்" என்றார். சார், காசு இல்லை, ரிமோட் பேட்டரி என்றேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போக எழுந்துவிட்டேன். படத்தைக் கவரில் போட்டுக் கொடுக்க வந்த எக்ஸ்ரே தம்பிதான், வெளியே வந்து மெதுவாக, "அக்கா, காசுன்னா ஒரே வட்டமா தெரியும். இதுல ஓரத்துல உள்ளுக்குள்ள இன்னொரு வளையம் தெரியுது பாருங்க. திருச்சிக்குக் கொண்டு போயிருங்க, இப்பவே" என்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

காசும் பேட்டரியும் ஏன் ஒன்றில்லை என்று எனக்குப் பிறகு திருச்சியில் குழந்தை டாக்டர் படம் போட்டு விளக்கினார். காசு சும்மா மாட்டிக்கொண்டு இருக்கும். பேட்டரி அப்படியல்ல, ஈரமான சதை இரண்டு பக்கமும் ஒட்டியதும் அதற்குள் கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். பேட்டரியிலிருந்து ஏதோ ஒழுகித்தான் புண்ணாகும் என்று நான் நினைத்திருந்தேன், ஒழுகவே வேண்டாமாம். அந்தக் கரண்ட் எச்சிலில் இருக்கிற தண்ணீரைப் பிரித்து, கழிவறை அடைப்பு எடுக்கப் போடுகிற காரம் மாதிரி ஒன்றை அந்த இடத்திலேயே உண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து போகலாம். பெரிய ஆளுக்கு நழுவி வயிற்றுக்குப் போய்விடுகிற அளவு, பச்சைப் பிள்ளைக்குக் கழுத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. ரிமோட்டில் இருந்தது சிஆர் 2025. அந்த நம்பரிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் கனம். 2032 என்றால் கனம் 3.2. இரண்டுமே 3 வோல்ட். ரிமோட்டுக்கு ஆகாது என்று கழற்றி வைத்த பழைய பேட்டரிக்குக்கூட உள்ளே போய்ச் சுடுகிற அளவு சக்தி மிச்சம் இருக்கும். அலமாரி மூலையில் "அப்புறம் போடலாம்" என்று வைத்திருப்பீர்கள், இப்போதே எழுந்து போய் டேப் சுற்றி வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

வாடகைக் கார் பிடித்து மண்ணச்சநல்லூர் வழியாகப் போனோம். 45 கிலோமீட்டர் இருக்கும். அவன் அழுது ஓய்ந்து என் மேல் சாய்ந்திருந்தான், எச்சில் என் ஜாக்கெட்டை நனைத்துக்கொண்டே இருந்தது. அத்தை பின்சீட்டில் சமயபுரத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன், அவர் முகத்தைப் பார்த்ததும் என்னால் பேச முடியவில்லை, கட் பண்ணிவிட்டேன். முதலில் போன பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரியில் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து எடுப்பது, பண்ண ஆள் இல்லை என்றார்கள். அதைச் சொல்லவே அரை மணி நேரம் ஆனது. இது ஒரு முக்கியமான பாடம்: கிளம்பும்போதே போன் பண்ணி, "பட்டன் பேட்டரி விழுங்கிய குழந்தை, குழந்தைக்கு மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி பண்ண இப்போது ஆள் இருக்கிறார்களா" என்று இதே வார்த்தையில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். நான் போன் பண்ணவில்லை. அடுத்த ஆஸ்பத்திரியில் சேர்த்து, உள்ளே கொண்டுபோகும்போது மணி பதினொன்றரை. விழுங்கி ஐந்து மணி நேரம்.

எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். போகும்போது பளபளவென்று போனது, ஒரு பக்கம் அடுப்புக்கரி மாதிரி கருத்து வந்திருந்தது. அந்தக் கருப்பு எந்தச் சதையைச் சுட்டது என்று யோசித்தபோதுதான் எனக்குக் கால் துவண்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் பால். குழாயைப் பிடுங்காமல் இருக்க இரண்டு கையிலும் அட்டை வைத்துக் கட்டினார்கள். எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது, புண் உள்ளேயே ஆழமாகிக்கொண்டு போகலாம், சில வாரம் கழித்துக்கூட ரத்தம் வரலாம், வாயிலோ மலத்திலோ ஒரு சொட்டு பார்த்தாலும் ஓடி வரச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்ததில் புண் ஆறின இடம் சுருங்கியிருந்தது. பலூன் மாதிரி ஒன்றை விட்டு ஒரு தடவை விரித்தார்கள். அதோடு விட்டது, எங்கள் நல்ல நேரம்.

எல்லாம் சேர்த்து 1,86,000 ரூபாய். இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் அதில் நானும் அவரும் மட்டும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்று ஏஜெண்ட் இரண்டு தடவை போன் பண்ணியிருந்தார். காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வளையலும் ஆரமும் அடகுக்குப் போயின. ஆரத்தை இன்னும் மீட்கவில்லை.

தம்பிக்கு இரண்டு வாரம் நான் எதுவுமே சொல்லவில்லை. சளி என்று சொன்னேன். அவன் மேல் கோபமா என்றால் ஆமாம், கோபம்தான், அது நியாயமில்லை என்று தெரிந்தே கோபம். கடைசியில் அத்தைதான் சொல்லிவிட்டார்கள். ராத்திரி பஸ் பிடித்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. அவனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பெட்டியில் எந்த இடத்திலும் பொம்மை என்றே போடவில்லை. "நைட் லேம்ப்" என்றிருந்தது. படத்தில் சிரித்துக்கொண்டு படுத்திருந்தது என்னவோ ஒரு குழந்தை.

நம் நாட்டில் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடவென்று செய்த பொம்மைகளுக்குப் பொருந்தும். சாதாரண பொம்மை என்றால் ஐஎஸ் 9873, கரண்டிலோ பேட்டரியிலோ ஓடுவது என்றால் ஐஎஸ் 15644 என்று முத்திரைக்கு மேலே இருக்கும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் நம்பர் இருக்கும். இந்தத் தர முத்திரையைக் கொடுக்கிற அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்று வந்துவிடும். முத்திரையை மட்டும் அச்சடித்து நம்பர் இல்லாமல் விற்பதும் உண்டு, அதனால் நம்பரைப் பாருங்கள். ஆனால் விளக்கு, ரிமோட், எடை பார்க்கிற மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாடுகிற வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு வாங்குகிற பேட்டரி அகல் எல்லாம் பொம்மைக் கணக்கில் வராது. பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது, அவனுக்கு எல்லாமே பொம்மை. அமெரிக்காவில் ரிமோட் பேட்டரியை விழுங்கி இறந்துபோன ரீஸ் என்ற பதினெட்டு மாதக் குழந்தையின் பெயரிலேயே 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பட்டன் பேட்டரி போடும் வீட்டுச் சாமான் எதுவானாலும் குழந்தை திறக்க முடியாதபடி மூடி இருக்க வேண்டும் என்று. அதைப் படித்த அன்று ராத்திரி ஒரு டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக வீடு முழுக்கத் தேடினேன். மொத்தம் ஒன்பது பட்டன் பேட்டரி கிடைத்தது.

இப்போது நான் வைத்திருக்கும் பெரிய கருவி ஒரு பிவிசி பைப் துண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொம்மையில் சின்ன உறுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழலுக்குள் போட்டுப் பார்ப்பார்களாம், முழுசாக உள்ளே அடங்கினால் தோல்வி. வெளிநாட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக்குழல் வைத்துப் பாருங்கள் என்று எழுதுகிறார்கள். நம் வீட்டில் அது ஏது? ஹார்டுவேர் கடையில் ஒன்றரை இஞ்ச் பைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து வாங்கினேன், பத்து ரூபாய். உள்ளே ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர், சோதனைக் குழலைவிடப் பெரிசு, அதனால் நமக்கு இன்னும் பாதுகாப்பு. அதற்குள் நுழைகிற எதுவும் அவன் கைக்குப் போகாது. பந்து மட்டும் இதற்கும் பெரிசாக, நாலரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், உருண்டையானது தொண்டையை அப்படியே கார்க் மாதிரி அடைத்துவிடும். பைப்போடு நிறுத்தாமல் ஒவ்வொன்றையும் முறுக்கி, இழுத்து, ஒரு தடவை தரையில் போட்டுப் பார்க்கிறேன். கடையில் போட்டால் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அவன் கையில் கட்டியிருந்த வசம்பு வளையலையும் அன்றைக்கே கழற்றினேன். அதில் கோத்த கருமணி எல்லாம் பைப்பில் அரிசி மாதிரி விழுந்தது. அத்தைக்கு வருத்தம்தான். திருஷ்டிக்குக் கன்னத்தில் மை வைத்துக்கொள்ளச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

அறிவு வளர்கிற பொம்மை என்று போட்டுவிட்டால் நாம் மயங்கிவிடுகிறோம். அந்த விளக்கைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அவன் கைக்கட்டுகளை அவிழ்த்த அன்று என் கைப்பையில் இருந்தது ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்தான். டம்ளரில் ஸ்பூனைப் போட்டான், எடுத்தான், தட்டினான், கீழே எறிந்தான், நான் எடுத்துக் கொடுத்தேன், மறுபடி எறிந்தான். ஒரு மணி நேரம். விளக்கு போட்ட அன்றைக்கெல்லாம் அவன் வாயைப் பிளந்து கூரையைப் பார்ப்பான், நான் என் வேலையைப் பார்ப்பேன், இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். 2015 கடைசியில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது, பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகள் 26 பேரை வைத்து. விளக்கு எரிந்து பேசுகிற பொம்மையோடு இருக்கும்போது பெற்றோரும் குறைவாகப் பேசினார்கள், குழந்தையும் குறைவாகச் சத்தம் கொடுத்தது. படப் புத்தகம் வைத்துக்கொண்டால் பேச்சு கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் எங்கள் வீட்டுக் கதையை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதினது மாதிரி இருந்தது.

எந்த மாதத்துக்கு எது என்று பெரிய பட்டியல் வேண்டியதில்லை, பிள்ளை என்ன செய்யப் பார்க்கிறது என்று கவனித்தால் போதும். பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதற்கு உங்கள் முகமும் கருப்பு வெள்ளைக் கோலமும் போதும். நாலைந்து மாதத்தில் பிடித்து ஆட்ட ஒரு கிலுகிலுப்பை. அந்த வயதில் புரண்டு எழும்ப ஆரம்பித்துவிட்டால் தொட்டிலுக்கு மேல் தொங்குகிற கயிற்றுப் பொம்மையைக் கழற்றிவிட வேண்டும், கழுத்தில் சுற்றும். எட்டொன்பது மாதத்தில் துண்டை மூடி ஒளித்து வைத்தால் தேடி எடுக்கிற ஆசை வரும். பத்து மாதத்துக்கு மேல் உள்ளே போடுவது, வெளியே எடுப்பது. காலி அஞ்சறைப்பெட்டி, இட்லித் தட்டு, கைக்குட்டை இவற்றை மிஞ்சி நான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.

பழைய காலத்துச் சாமான் எல்லாம் நல்லது என்று சொல்லவும் எனக்கு மனசில்லை. ஓலைக் கிலுகிலுப்பை அழகுதான், காய்ந்தால் ஓலை சிலும்பும், பிரிந்தால் உள்ளேயிருக்கிற கல் வாய்க்குப் போகும், கண்முன்னால் மட்டும் கொடுங்கள். சொப்புச் சாமானில் மூடியும் கரண்டியும் பைப்பில் அப்படியே இறங்கிவிடும், மூன்று வயதுக்கு மேல்தான். மரப்பாச்சி பெரிசாக, சாயம் பூசாததாக இருந்தால் கடித்தாலும் கவலையில்லை. நடைவண்டி தானாக எழுந்து நிற்கிற பிள்ளைக்கு நல்லது. அதையும், உட்கார வைத்து உருட்டிவிடுகிற வாக்கரையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். வாக்கரில் பிள்ளை படிக்கட்டு நோக்கி ஓடுகிற வேகத்துக்கு நம்மால் ஓட முடியாது, கனடாவில் 2004-லேயே விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த வாக்கரை நான் பரணில்கூட வைக்கவில்லை.

நடைவண்டி தம்பி வாங்கிக் கொடுத்தது. தச்சர் ஒருவரிடம் சொல்லி, ஆணி எதுவும் வெளியே தெரியாமல், சாயம் இல்லாமல் செய்து தூக்கிக்கொண்டு வந்தான். வந்ததும் என்னைக் கேட்காமலே அலமாரியைத் திறந்து பைப்பை எடுத்து, சக்கரத்துக் கடையாணி உள்ளே போகிறதா என்று பார்த்தான். போன மாதம் முசிறியில் என் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. பரிசு பிரிக்கும்போது நான் கைப்பையிலிருந்து பைப்பை எடுத்ததும், "என்னண்ணி, பிளம்பர் வேலைக்கு வந்தீங்களா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பதினேழு பொம்மையில் ஆறு உள்ளே இறங்கியது.